மெத்தை நாற்காலி

அத்தியாயம் 11

ஆஸியா பீவி வீட்டுச் சாவியை சலோமியின் கையில் திணித்துவிட்டு நாகப்பட்டினம் முதல் பஸ்ஸுக்கு ஓடினாரே, அந்த இடத்தில் போன வாரம் விட்டோம். ஓடுகிற ஓட்டத்தில் அவர் சொன்ன மூன்றே வாக்கியம்தான் இந்த வாரம் நம்மைப் படுத்தப்போகிறது.

"மெத்தை நாற்காலி ஒக்காந்து போச்சு புள்ள. எடுத்துட்டுப் போயி பிரிச்சுப் புதுசாக் கட்டி வச்சிரு. சாயந்தரம் மக அமீர் நிஷாவையும் குழந்தையையும் கூட்டிட்டு வந்துருவேன், பால் கொடுக்க அவளுக்கு ஒக்கார இடம் வேணும்."

சலோமி தலையாட்டினாள். மணப்பாட்டுப் பெண் அவள். காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது மாதம் ஆகிறது. கணவன் மரியசெல்வம் தச்சன். பழைய நாற்காலிகளை வீட்டுக் கொல்லையிலேயே வைத்துச் சரிசெய்து கொடுப்பான். ஆடுகிற கால், பிளந்த கை, இற்றுப்போன சட்டம் எல்லாம் அவன் பாடு. பிரம்புப் பின்னல், பஞ்சு அடைப்பது, துணி போர்த்துவது சலோமியின் பாடு. அந்தக் கைவேலையை அவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். ஊரில் இப்போது 'மரியசெல்வம் சரிபண்ணின நாற்காலி' என்று யாரும் சொல்வதில்லை, 'அந்தப் புதுப்பொண்ணு கட்டின நாற்காலி' என்றுதான் சொல்கிறார்கள். மரியசெல்வத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம், நிறையப் பெருமை.

அவன் நேற்றே பிரம்பு வாங்க மாயவரம் போய்விட்டான். அவனுடைய அக்கா ஆரோக்கியசெல்வி எட்டு மணிக்கெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். அவள் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான். வீடு சலோமிக்கு மட்டும் என்று ஆனது.

மூன்று வீடு தள்ளியிருக்கிற ஆஸியா பீவியின் வீட்டுக்குள் சலோமி இதுவரை முன்கூடம் தாண்டிப் போனதில்லை. இன்றைக்குச் சாவியோடு போனாள். திரையை விலக்கி உள்கூடத்தைப் பார்த்தாள். சுவரோரம், ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில், கைவைத்த பெரிய தேக்கு நாற்காலி. பச்சை ரெக்ஸின் போர்த்திய மெத்தை. நடுவில் நன்றாகக் குழிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"ஆமா, ஒக்காந்துதான் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டின் கீழ்க்கட்டு முழுக்கத் தேடினாலும் மெத்தை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். சந்தேகத்துக்கு என்ன இடம்? ரிக்‌ஷா மருதையனைக் கூப்பிட்டாள். அவர் அதைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குள் ஆணியெல்லாம் பிடுங்கியாயிற்று. ரெக்ஸினை உரித்தாள். அதன் கீழே சாக்குத் துணி, அதன் கீழே கட்டி தட்டிப்போன இலவம்பஞ்சு, அதற்கும் கீழே தேங்காய் நார். பஞ்சைப் பிய்த்து வெயிலில் போட்டுத் தடியால் அடித்தாள். கொல்லை முழுக்கப் பஞ்சு பறந்தது. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடின சணல் பட்டைகளில் இரண்டு அறுந்திருந்தன. புதுப் பட்டை இழுத்து ஆணி அடித்தாள்.

அந்த வீட்டுக்காகச் செய்கிறோம் என்கிற நினைப்பில் அவள் கை இன்னும் வேகமாக ஓடியது. ஆஸியா பீவி இந்தக் குடும்பத்துக்குச் செய்ததை நாத்தனார் வாயால் அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். எழுபத்தேழாம் வருஷப் புயலில் இவர்கள் வீட்டுக் கூரை ஓட்டோடு பறந்தபோது, அக்காவையும் தம்பியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பதினெட்டு நாள் வைத்துச் சோறு போட்டவர் அவர். அந்த மனுஷிக்கு நம்மால் ஆனது இது என்று சலோமி நன்றியோடு பஞ்சை அடித்தாள். நன்றியோடு செய்கிற வேலைதான் சில சமயம் நம்மை வசமாக மாட்டிவிடுகிறது.

பன்னிரண்டரை மணிக்கு ஆரோக்கியசெல்வி சாப்பிட வந்தபோது கடைசி வரிசை ஆணி ஏறிக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்புத் துணியில் மெத்தை பூரி மாதிரி உப்பி நின்றது.

"மைனி, பாருங்க, எப்படி எழும்பி நிக்குது!" என்றாள் சலோமி. மணப்பாட்டு 'மைனி' அவள் வாயில் இன்னும் இந்த ஊர் 'அண்ணி'யாக மாறவில்லை.

ஆரோக்கியசெல்வி குடையைக் கீழே போட்டாள். மடக்கக்கூட இல்லை.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டே?"

"லாத்தாதான் சொன்னாவ." ஆஸியா பீவியை அக்காவும் தம்பியும் அக்கம்பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் மாதிரி லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். சலோமியும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மெத்தை நாற்காலியைப் பிரிச்சுக் கட்டச் சொன்னாவ. மெத்தை வச்சது அங்க இது ஒண்ணுதான இருக்கு?"

"அடிப் பாவி! மெத்தைன்னா மாடிடி!"

"என்னது?"

"மாடி! இந்த ஊர்ல மாடியை மெத்தைம்போம். மேல மெத்தையில ஒரு பிரம்பு நாற்காலி கெடக்கு, அதுல பிரம்பு பிஞ்சு போச்சு. அதைச் சொல்லியிருக்காங்க லாத்தா. மகளை மெத்தை ரூம்லதானே படுக்க வைக்கப்போறாங்க!"

சலோமியின் கையிலிருந்த சுத்தியல் அப்படியே நின்றது. இவர்கள் வீடு ஓட்டு வீடு. மாடி இல்லாத வீட்டில் மாடியைப் பற்றிப் பேச்சு எதற்கு வருகிறது? ஒன்பது மாதத்தில் அந்த வார்த்தையின் இந்த ஊர்ப் பொருள் அவள் காதில் விழவே இல்லை. இல்லை, விழுந்திருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில்.

"அப்ப மைனி... புயலப்ப லாத்தா வீட்டு மெத்தையில பதினெட்டு நாள் கெடந்தோம்னு நீங்க சொல்லுவியளே..."

"மாடியிலதான் கெடந்தோம். பின்ன, நானும் உன் புருஷனும் பஞ்சு மெத்தை மேலயா ஏறிக் கெடந்தோம்?"

அப்படித்தான் சலோமி நினைத்திருந்தாள். அக்கா, தம்பி இருவருக்கும் பதினெட்டு நாள் கொடுக்கிற அளவுக்கு எவ்வளவு பெரிய மெத்தை வைத்திருக்கிறார் அந்த அம்மாள் என்று ஆச்சரியம்கூடப் பட்டிருக்கிறாள். வேறு ஒரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். இன்றைக்கு ஆரோக்கியசெல்வியின் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு நாற்காலியா இருந்தா என்ன மைனி? நல்லாத்தான கட்டியிருக்கேன். இதுவும் பழசுதான?"

ஆரோக்கியசெல்வி கொல்லைப் படியில் உட்கார்ந்தாள்.

"இது இப்ராஹிம் மாமா நாற்காலி. லாத்தா வீட்டுக்காரர். நீ அவரைப் பாத்ததில்ல. நீ வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி மவுத்தாகிட்டார். சைகோன் கப்பல்ல சுக்கானியா இருந்த காலத்துல வாங்கிட்டு வந்த நாற்காலி. இருவது வருஷத்துக்கு மேல, ஊர்ல இருக்கறப்பெல்லாம் இதுலதான் ஒக்காருவார். அவர் ஒக்காந்து ஒக்காந்து விழுந்த பள்ளம்டி அது."

சலோமி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"பதினோரு மாசமா அதுல யாரையும் ஒக்கார விடல லாத்தா. பெத்த மகளைக்கூட விடல. தெனம் சாயந்தரம் மஃரிப் தொழுதுட்டு வந்து, அந்தப் பள்ளத்துல கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பாங்க. அப்புறம்தான் அடுப்பங்கரைக்குப் போவாங்க. நான் என் கண்ணால பாத்திருக்கேன். ஒரு போட்டோகூடக் கெடையாது அந்த மனுஷனுக்கு. போட்டோ புடிக்கவே விடமாட்டார். அந்தப் பள்ளம் ஒண்ணுதான் இருந்துச்சு."

சலோமி திரும்பி மெத்தையைப் பார்த்தாள். தன் கையால் இத்தனை நேர்த்தியாகச் செய்த எதையும் அவள் இவ்வளவு வெறுத்ததில்லை.

"சேசுவே! இனி என்ன செய்வேன்?"

ஒரு மணி பஸ்ஸில் மரியசெல்வம் வந்து சேர்ந்தான். தோளில் பிரம்புக் கட்டு, முகத்தில் பேரம் படிந்த சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்தான் தாங்கியது. விஷயத்தைக் கேட்டவன் நாற்காலியை மூன்று தரம் சுற்றி வந்தான்.

"மறுபடி பள்ளம் பண்ணிடலாம்" என்றான்.

"எப்படி?"

"பஞ்சுதானே? அமுக்கினா அமுங்கும்."

ஆண்பிள்ளை மூளை இப்படித்தான் போகும். ஆட்டுக்கல் குழவியைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி மெத்தையின் நடுவில் தூக்கி வைத்தான். கால் மணி நேரம் மூன்று பேரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு குழவியை எடுத்தான். எட்டிப் பார்த்தான்.

"குழவி ஒக்காந்த பள்ளமாத்தான் இருக்கு" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"நான் வேணா சாயந்தரம் வரைக்கும் ஒக்காரட்டுமா? மாமாவும் கிட்டத்தட்ட என் உடம்புவாகுதான்."

"வேண்டாம்ங்க" என்றாள் சலோமி. அவள் கண் சிவந்திருந்தது. "பள்ளம் பண்ணலாம். அவிய பள்ளத்தப் பண்ண முடியுமா? லாத்தா கை வச்சதும் தெரிஞ்சுபோகும். நான் செஞ்சது புத்தி இல்லாம செஞ்சது. இது தெரிஞ்சே செய்யுத ஏமாத்து வேலை. அது ஆகாது."

மரியசெல்வம் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக்கல்லில் போட்டுவிட்டு வந்தான். அவள் சொன்னது சரி என்று அவனுக்கும் தெரியும். உளியும் கையுமாகப் பழகியவனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது, அவ்வளவுதான். அடிச்சட்டமாவது உறுதியாக இருக்கிறதா பார்ப்போம் என்று நாற்காலியைக் கவிழ்த்தான்.

"இது என்ன கட்டு? நீ கட்டினியா?"

சணல் பட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய மணிலாக் கயிறு சட்டத்துக்குச் சட்டம் குறுக்காக ஓடி, நடுவில் ஒரே கெட்டி முடிச்சில் சேர்ந்திருந்தது.

"நான் இல்ல. முன்னமே இருந்துச்சு. நீங்கதான் எப்பவோ கட்டினியளோன்னு நெனச்சேன்."

"நான் இந்த நாற்காலியைத் தொட்டதே இல்ல. மாமா தொட விடமாட்டாரு. இந்த ஊர்ல எந்தத் தச்சனும் இப்படி முடிச்சு போடமாட்டான். நீ ஏன் அறுத்துப் போடல?"

"அறுக்கத்தான் கத்தியை எடுத்தேன். எங்க அப்பா தோணித் தண்டலா இருந்தாவல்லா, தோணி ஓட்டுதவிய போடுத முடிச்சுங்க இது. எவ்வளவு பாரம் ஏத்துதோமோ அவ்வளவுக்கு இறுகும். இத்தனை நல்ல முடிச்ச அறுக்க எனக்கு மனசு வரல. அதைச் சுத்தியே பட்டையை இழுத்துட்டேன்."

மரியசெல்வம் முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. யார் போட்டதோ என்று விட்டுவிட்டான். அவன் கவலை வேறு. மணி இரண்டு ஆகிவிட்டிருந்தது.

"இன்னொண்ணு" என்றான். "மாடி நாற்காலிக்குப் பிரம்பு ஊறவே ராத்திரி பூரா வேணும். ஊறாத பிரம்பை வளைச்சா ஒடிஞ்சிரும். அந்தப் பொண்ணுக்கு ஒக்கார இன்னிக்கு அதுவும் கெடையாது."

ஆரோக்கியசெல்வி எழுந்தாள். அன்றைக்குப் பிற்பகல் வகுப்புக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை. பன்னிரண்டு வருஷ வேலையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை புயலுக்கு மறுநாள்.

"நாற்காலியை எடுத்துட்டுப் போயி அது இருந்த எடத்துலயே வைப்போம். லாத்தா வந்ததும் நான் பேசறேன். நான்தான் சலோமியைக் கட்டச் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"மைனி!"

"நீ வாயைத் தொறக்கக் கூடாது."

"நீங்க செய்யாததுக்கு நீங்க எதுக்கு..."

"இங்க பாரு. என்னை மன்னிக்க லாத்தாவுக்கு முப்பது வருஷப் பழக்கம் இருக்கு. நான் அவங்க வீட்டுல ஒடைக்காத பாத்திரம் கெடையாது. உன்னை மன்னிக்க என்ன இருக்கு? ஒம்போது மாசம். அவங்க மனசுல என் வீட்டுப் பொண்ணு மேல ஒரு சொட்டு வருத்தம்கூட விழக் கூடாது."

என் வீட்டுப் பொண்ணு. சலோமிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்த ஒன்பது மாதமும் அவள் 'இவன் பொண்டாட்டி'யாக இருந்தாள், 'நேத்து வந்தவ'ளாக இருந்தாள், கோபம் வந்தால் 'மணப்பாட்டு மகராணி'யாகவும் இருந்தாள். இன்று, இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு நிற்கிற நாளில், வீட்டுப் பெண் ஆகிவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சரி, சரி, மூக்கைச் சிந்து" என்றாள் ஆரோக்கியசெல்வி. "தூக்குங்க நாற்காலியை."

நாலரை மணிக்கு அம்பாசிடர் கார் வந்து நின்றது. முதலில் ஆஸியா பீவி இறங்கினார். இரண்டு நாளாகத் தூங்காத கண், ஆனாலும் முகம் பூராவும் பூரிப்பு. துணிச் சுருளாகக் குழந்தையை வாங்கிக்கொண்டார். பின்னால் அமீர் நிஷா மெல்லக் காலை ஊன்றி இறங்கினாள்.

"பொம்பளப் புள்ள, செல்வி! அல்ஹம்துலில்லா, தாயும் புள்ளையும் சொகம்!"

பின் சீட்டிலிருந்து டிரைவர் இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினார். பிறகு டிக்கியைத் திறந்து ஒரு தையல் மெஷினையும் இறக்கினார். நாற்பது நாள் தாய் வீட்டில் இருக்க வருகிறவள் தையல் மெஷினை எதற்குத் தூக்கிவருகிறாள் என்று சலோமிக்குத் தோன்றியது. மரியசெல்வம் காருக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வரலீங்களா லாத்தா?" என்றான். ஆஸியா பீவி காதில் விழாதவர் போல் வாசல்படி ஏறினார். அமீர் நிஷா தலை நிமிரவில்லை. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

திரையை விலக்கியதும் ஆஸியா பீவி நின்றுவிட்டார்.

கருஞ்சிவப்பு மெத்தை ஜன்னல் வெளிச்சத்தில் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"லாத்தா" என்று ஆரோக்கியசெல்வி முன்னால் வந்தாள். "நான்தான்... நீங்க மெத்தை நாற்காலின்னு சொன்னதை நான் தப்பா நெனச்சுக்கிட்டு சலோமிகிட்ட..."

"இல்ல" என்றாள் சலோமி. "மைனி எனக்காவப் பொய் சொல்லுதாவ. நான்தான் செஞ்சேன். எங்க ஊர்ல மெத்தைன்னா பஞ்சு மெத்தைதான். மாடின்னு எனக்குத் தெரியாது. மாமா பள்ளத்த நான்தான் பிரிச்சுப் போட்டுட்டேன். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

ஆஸியா பீவி திரும்பினார். குழந்தையை மகளின் கையில் கொடுத்தார். நாற்காலியருகே போனார். வலது உள்ளங்கையை, தினமும் வைக்கிற இடத்தில், வைத்தார். மெத்தை அவர் கையை மேலேயே நிறுத்திக்கொண்டது.

"கை எறங்க மாட்டேங்குதே" என்றார். "செல்வி, கை எறங்க மாட்டேங்குதே."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்தது. மரியசெல்வம் சுவரைப் பார்த்து நின்றான். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆஸியா பீவி மெத்தையைப் பார்த்தபடியே பேசினார். "பள்ளத்துக்கு அடியில ஒரு கட்டி இருக்கும். கை வச்சா வெரல்ல தட்டும். பஞ்சு கட்டி தட்டிப்போச்சுன்னு நெனச்சுக்குவேன். அதைத் தொட்டாத்தான் எனக்கு மனசு அடங்கும். அதுவும் போயிருச்சு."

சலோமிக்குச் சட்டென்று உறைத்தது.

"லாத்தா, அது பஞ்சுக் கட்டி இல்ல. அது போகல. அதை மட்டும் நான் அவுக்கல."

மரியசெல்வமும் அவளும் நாற்காலியைக் கவிழ்த்தார்கள். ஆஸியா பீவி முழங்காலால் நகர்ந்து கிட்டே வந்தார். பட்டைகளுக்கு நடுவே அந்தப் பழைய கயிறு. முறுக்கின் உள்ளே ஒரு நீல இழை ஓடிக்கொண்டிருந்தது. முடிச்சைத் தொட்டார். நீல இழையைத் தொட்டார். அவர் வாய் திறந்தபடி நின்றது.

"பொட்டி கட்டின கயிறு!"

"எந்தப் பொட்டி லாத்தா?"

"எழுவத்தஞ்சுல சண்டை முத்தி, சைகோன்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாரே, ஒரே ஒரு தகரப் பொட்டியோட, அதைக் கட்டியிருந்த கயிறு. நல்ல கயிறு, கெணத்துக்கு ஆகும்னு எடுத்து வச்சேன். நாலே நாள்ல காணோம். கயிறு எங்கே, கயிறு எங்கேன்னு அந்த மனுஷனை எத்தனை ஏச்சு ஏசினேன்! எனக்கென்ன தெரியும்னு தலையைத் திருப்பிக்கிட்டார். அல்லாவே, இங்கயா கொண்டாந்து கட்டி வச்சிருக்கார்!"

"பட்டை அறுந்துபோச்சு போல" என்றான் மரியசெல்வம். "அவரே கட்டிக்கிட்டிருக்கார்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா இந்தக் கிழட்டு நாற்காலியைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதான் சொல்லாம கட்டியிருக்கார் கள்ளன்." ஆஸியா பீவிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "அன்னிலேருந்து மூணு வருஷமா இடுப்பு வலி, இடுப்பு வலின்னு சொல்லுவார். நானும் தெனம் தைலம் தேச்சு விடுவேன். இந்த முடிச்சு மேல ஒக்காந்தா வலிக்காம என்ன செய்யும்!"

ஆரோக்கியசெல்வி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். காரிலிருந்து இறங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அமீர் நிஷாகூட, "வாப்பாவா இப்படிப் பண்ணாங்க?" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஆஸியா பீவி அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பதினோரு மாசமா இதைத்தான் தொட்டுக்கிட்டு இருந்திருக்கேன். என்னன்னே தெரியாம தொட்டிருக்கேன். நீ பிரிக்காம இருந்தா எனக்கு மவுத்தாகிற வரைக்கும் தெரிஞ்சிருக்காது புள்ள. அறுத்துப் போடாம விட்டியே, அல்லா உன் கைக்கு பரக்கத் தரட்டும்."

சலோமி கும்பிட்டாள். மத்தியானத்திலிருந்து மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்திருந்தவள், இப்போது மனசுக்குள் நன்றி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"செல்வி, இங்க வா" என்றார் ஆஸியா பீவி. "எனக்கு முப்பது வருஷமா உன்னைத் தெரியும். பாத்திரத்தை ஒடைச்சாலும் நான்தான் ஒடைச்சேன்னு வந்து நிப்பே. பொய்யே சொல்லத் தெரியாதவ. இன்னிக்கு இந்தப் பொண்ணுக்காகச் சொன்னியே, அதுவும் சரியாச் சொல்லத் தெரியாம முழிச்சியே, அதைப் பாக்க எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

ஆரோக்கியசெல்வி டீச்சருக்கு வெட்கம் வந்ததை அந்தத் தெரு முதல்முறையாகப் பார்த்தது.

மரியசெல்வம் நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். மாடி நாற்காலிக்கு நாளைக்குத்தான் பின்னல் போட முடியும் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அமீர் நிஷா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெட்டிகளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நின்றாள். பழக்கத்தில் தரையில் உட்காரக் குனிந்தாள்.

ஆஸியா பீவி எழுந்து மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

"இதுல ஒக்காரு."

"உம்மா, இதுலயா?" மகள் பின்வாங்கினாள். "வேணாம்மா. இது வாப்பாவோட..."

"பயப்படாம ஒக்காரு புள்ள. கீழே உன் வாப்பா கெட்டியாப் புடிச்சிருக்கார்."